கேளாமல் எடுத்த முகம்

நண்பர்களே, 2026-ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். டில்லிக் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு அந்தப் பழைய அரங்கத்தில் நாம் எல்லோரும் கூடியிருந்தோம். கரும்பு வந்தது; சர்க்கரைப் பொங்கல் வந்தது; பட்டிமன்றம் நடந்தது. இறுதியில் இரண்டே நிமிடம் ஓடும் படம் ஒன்று காட்டப்பெற்றது. 'நாளை நாம்' என்பது அதன் தலைப்பு. நம்முள் ஒருவர் அமைச்சராகிக் கொடியசைத்தார். இன்னொருவர் சாமியாராகி அருள்வாக்குச் சொன்னார். முதலாண்டு மாணவி ஒருத்தி கூந்தலை ஒதுக்கிக்கொண்டு, "படிப்பும் வேண்டாம், பட்டமும் வேண்டாம், நான் நடிக்க மும்பைக்குப் போகிறேன், வீட்டில் யாரும் என்னைத் தேட வேண்டாம்" என்று பேசினாள். அரங்கம் அதிர்ந்தது. கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று.

அந்தப் படத்தை ஆக்கியவன் நான். கைதட்டியவர்கள் நீங்கள். ஆகவே, இங்கே நான் சொல்லப்போவது என் குற்றத்தைப் பற்றியதே ஆனாலும், அதில் உங்களுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

அமைச்சரும் சாமியாரும் என் அறைத் தோழர்கள். அவர்களிடம் கேட்டுக்கொண்டே அவர்கள் முகத்தைப் பயன்படுத்தினேன். அந்த மாணவியை மட்டும் கேட்கவில்லை. திடீரென்று காட்டினால்தான் வேடிக்கை என்று எண்ணினேன். அவள் என்னை 'அண்ணா' என்று அழைப்பவள். தங்கையிடம் அனுமதி கேட்பார் உண்டோ என்றும் எண்ணினேன். எண்ணிப் பார்த்தால், உரிமை என்ற சொல்லைக் காட்டிலும் உறவு என்ற சொல்லே பிறர் பொருளை எடுப்பதற்கு நமக்கு எளிதாகத் துணை செய்கிறது.

செய்வதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டியிருந்தது என்று கேட்பீர்கள். ஓர் இரவு போதுமாயிருந்தது. நான் இயற்பியல் முதுகலை மாணவன். கணிப்பொறி எனக்குக் கைப்பழக்கம். மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவளுடைய படங்கள் நாற்பதுக்குமேல் இருந்தன. கூட்ட அறிவிப்புகளை அவள் குரலிலேயே பதிவு செய்து அனுப்புவது வழக்கமாகையால் குரலும் கிடைத்தது. இந்நாளைய கருவிகளுக்குச் சில வினாடிக் குரலே போதும்.

இந்த வித்தையின் உள்ளமைப்பை ஓர் உவமையால் விளக்கலாம். சுருக்கெழுத்தாளர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த முகத்தைக் காட்டினாலும், தலை எவ்வளவு சாய்ந்திருக்கிறது, இதழ் எவ்வளவு விரிந்திருக்கிறது, வெளிச்சம் எப்பக்கமிருந்து விழுகிறது என்பவற்றை மட்டும் அவர் குறித்துக்கொள்வார். அவர் அருகில் ஓவியர் இருவர். ஒருவருக்குத் திரைப்பட நடிகையின் முகத்தை மட்டுமே வரையத் தெரியும். மற்றவருக்கு நம் தோழியின் முகத்தை மட்டுமே வரையத் தெரியும். நடிகையின் அசைவைக் கண்டு எழுதிய குறிப்பை இரண்டாம் ஓவியரிடம் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? நடிகை சிரித்த சிரிப்பைத் தோழியின் முகம் சிரிக்கும். முகமாற்றக் கருவிகள் பலவற்றின் அடிப்படை இவ்வளவே. 2014-ஆம் ஆண்டில் இயன் குட்ஃபெல்லோ என்னும் ஆய்வாளரும் அவர் குழுவினரும் போலி செய்யும் பொறியையும் போலியைக் கண்டுபிடிக்கும் பொறியையும் ஒன்றோடொன்று போட்டியிடச் செய்து, போலி உருவங்களை ஆக்கும் புதுவழி ஒன்றைக் காட்டினர். 2017-இல் 'டீப்ஃபேக்' என்ற பெயர் பிறந்தது. 'ஆழ்போலி' என்று தமிழில் சொல்கிறோம். அப்பெயர் பிறந்த இடமே பெண்களின் முகங்களை ஆபாசப் படங்களில் பொருத்திய இழிசெயல்தான் என்பதை மறக்கலாகாது. போலி முகங்கள் இயல்பாகக் கண் இமைப்பதில்லை என்று 2018-இல் கண்டறிந்து மகிழ்ந்தார்கள். சிறிது காலத்திலேயே போலிகளும் இமைக்கக் கற்றுக்கொண்டன.

விழா முடிந்த இரவே யாரோ ஒருவர் அந்தப் படத்தைத் தம் நண்பருக்கு அனுப்பினார். நண்பர் தம் நண்பருக்கு அனுப்பினார். தலைப்பு கழன்றது, அமைச்சரும் சாமியாரும் கழன்றார்கள். அந்தப் பெண் பேசிய பதினெட்டு வினாடி மட்டும் தனியே பிரிந்து ஊர் சுற்றப் புறப்பட்டது. நான்காம் நாள் அது தென்காசிப் பக்கத்தில் உள்ள அவளுடைய ஊரைச் சேர்ந்தது. "பெண்ணை டில்லிக்கு அனுப்பினால் இப்படித்தான்" என்று சொல்லும் வாய்களுக்கு நம் ஊர்களில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. தாய் அழுதார். தாய்மாமன் படிப்பை நிறுத்தி அழைத்து வரச் சொன்னார். தோழி தொலைபேசியில் தன் தந்தையிடம், "அது நான் இல்லை அப்பா, யாரோ விளையாட்டாகச் செய்தது" என்று மன்றாடினாள். மறுநாள் அவர் வண்டியேறிவிட்டார்.

சென்னை வரை ஓர் இரவு, அங்கிருந்து இரண்டு இரவு. மூன்றாம் நாள் விடியலில் புதுடில்லி நிலையத்தில் அவர் இறங்கியபோது தோள்மேல் ஒரு துண்டு மட்டுமே இருந்தது. கம்பளி இல்லை. அவரை அழைத்துவர அவளோடு நானும் போயிருந்தேன். செய்தவன் நான் என்று அவளிடம் முன்னாளே ஒப்புக்கொண்டிருந்தேன். அவரிடமும் சொல்லவேண்டும் என்றாள் அவள். அது ஒன்றுதான் அவள் எனக்கு விதித்த தண்டனை.

அவர் மகளைக் கண்டதும் பேசவில்லை. அவள் முகத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். நெற்றி, கன்னம், காதோரம் என்று கண் தெரியாதவர் தடவிப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு தேநீர்க் கடை ஓரம் நின்று நான் என் குற்றத்தைச் சொன்னேன். அவர் கோபிப்பார், அடித்தாலும் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெல்லிய குரலில் கேட்டார்:

"தம்பி, இவள் போனில் அழுதுகொண்டே 'அது நான் இல்லை' என்றாள். படத்தில் இருந்த குரலும் இவள் குரல். போனில் வந்த குரலும் இவள் குரல். எந்தக் குரல் என் மகள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நேரில் பார்த்தால்தான் உண்டு என்று வந்துவிட்டேன்."

நான் தலை குனிந்து நின்றேன். அவர் தம்மைப் பற்றிச் சொன்னார். முப்பத்தைந்து ஆண்டுகளாக ஊரில் சிறிய போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர் அவர். முகங்களோடு வாழ்ந்தவர். "நெகட்டிவில் பென்சில் வைத்து டச்சிங் செய்த காலத்து ஆள் நான். கல்யாணத்துக்குக் கொடுக்கும் படத்தில் கன்னத்து மருவை எடுப்பதானாலும் வீட்டாரைக் கேட்டுத்தான் எடுப்பேன். ஷோகேஸில் ஒரு பெண்பிள்ளையின் படத்தை வைப்பதானாலும் கேட்டுத்தான் வைப்பேன். வேண்டாம் என்றால் எவ்வளவு நன்றாக விழுந்த படமானாலும் உள்ளேதான் இருக்கும். இதெல்லாம் யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, தம்பி. தொழிலுக்கு ஒரு மரியாதை."

எந்தச் சட்டநூலும் பயிலாத ஒருவர் முப்பத்தைந்து ஆண்டு காத்துவந்த நெறியை, அறிவியல் கற்ற நான் ஓர் இரவில் மீறியிருந்தேன்.

விடுதிக்குத் திரும்பும் வழியில் தோழி ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணா, நீங்கள் ஒரு சைக்கிளைக் கேளாமல் எடுத்திருந்தால் திருட்டு என்று சொல்வார்கள். என் முகத்தை எடுத்தீர்களே, அதற்குப் பெயர் என்ன? அதற்குச் சட்டம் ஒன்றும் இல்லையா?" எனக்கு விடை தெரியவில்லை. அன்று தொடங்கிச் சட்டம் பயிலும் மதுரை நண்பர் ஒருவரின் துணையோடு பல நாள் நூலகத்தில் அமர்ந்தேன். கண்டவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

மனிதனுடைய உருவத்திற்கு உரிமை உண்டா என்ற வழக்கு நம் காலத்தில் பிறந்ததன்று. நிழற்படக் கருவியோடு பிறந்தது. நொடியில் படம் பிடிக்கும் கருவிகளும் வம்பு பேசும் செய்தித்தாள்களும் பெருகியதைக் கண்டு, 1890-இல் அமெரிக்காவில் வாரன், பிராண்டைஸ் என்ற இரு வழக்கறிஞர்கள், தனிமையாக விடப்படுவதற்கு மனிதனுக்கு உரிமை உண்டு என்று கட்டுரை எழுதினர். அடுத்து வந்தது ஒரு பெண்ணின் வழக்கு. நியூயார்க் மாநிலத்தில் அபிகெயில் ராபர்சன் என்ற இளம்பெண்ணின் படத்தை அவள் இசைவின்றி மாவு விளம்பரத்தில் அச்சிட்டு, ஏறத்தாழ 25,000 படிகளைக் கடைகளிலும் விடுதிகளிலும் தொங்கவிட்டார்கள். படம் அழகானதுதான், இழிவான சொல் ஒன்றும் அதில் இல்லை. எனினும் தன்னை அறிந்தோர் கேலி செய்ய, அவள் மனம் நொந்து படுக்கையில் விழுந்ததாக வழக்குத் தொடுத்தாள். 1902-இல் மாநிலத்தின் உச்ச மன்றம் நால்வருக்கு மூவர் என்ற கணக்கில் அவளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அப்படி ஓர் உரிமை சட்டத்தில் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். மக்கள் கொதித்தெழுந்தனர். அடுத்த ஆண்டே, 1903-இல், ஒருவரின் பெயரையோ படத்தையோ எழுத்து மூலமான இசைவின்றி வாணிகத்திற்குப் பயன்படுத்தலாகாது என்று அம்மாநிலம் சட்டம் இயற்றியது.

இந்த வரலாற்றில் என் நெஞ்சைத் தொட்டது எது தெரியுமா? அவள் நடிகையல்லள், அரசியல் தலைவியல்லள். ஊர் பேர் அறியாத ஒரு சாதாரணப் பெண். முகத்தின் உரிமைக்கான முதற் சட்டங்களுள் ஒன்று அத்தகைய பெண்ணின் கண்ணீரிலிருந்து பிறந்தது. அவள் கேட்டது முகத்திற்கு விலை அன்று, மானம்.

பின்னர்க் காற்று திசை மாறியது. 1953-இல் அதே அமெரிக்காவில், பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படங்களை மெல்லும் கோந்தோடு விற்ற இரு நிறுவனங்களுக்கிடையே வழக்கு நடந்தது. புகழ் பெற்றவர்களின் படத்திற்குச் சந்தையில் மதிப்பு உண்டு, அதை விற்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு என்று அவ்வழக்கில் நீதிமன்றம் கூறியது. மானமாகத் தொடங்கிய உரிமை அன்று முதல் சொத்தாகவும் வளரலாயிற்று.

நம் நாட்டிலும் இரண்டு நீரோட்டங்களும் உண்டு. முதலாவது, நம் தமிழ்நாட்டிலிருந்தே எழுந்த வழக்கு. மரண தண்டனை பெற்றிருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிட முனைந்தபோது அதிகாரிகள் தடுக்க முற்பட்டனர். 1994-இல் உச்ச நீதிமன்றம், அச்சிடுமுன்பே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று இதழின் உரிமையைக் காத்தது. அதே தீர்ப்பில் மற்றொரு கருத்தையும் கூறியது: தனிமையைக் காத்துக்கொள்வது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையுள் அடங்கும், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் இசைவின்றி, விளம்பரத்திற்காயினும் வேறு நோக்கத்திற்காயினும், பயன்படுத்துவது அவ்வுரிமையை மீறுவதாகும். 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம், புட்டசாமி வழக்கில், தனிமையுரிமை அடிப்படை உரிமையே என்று ஐயத்திற்கிடமின்றி நிறுவியது.

இரண்டாவது ஓட்டம் நட்சத்திரங்களுடையது. தம் பெயரையும் பாணியையும் பயன்படுத்திய இந்திப் படம் ஒன்றுக்கு எதிராக ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் 2015-இல் தடையாணை வழங்கியது. 2022-இல் அமிதாப் பச்சனுக்கும், 2023-இல் அனில் கபூருக்கும் டில்லி உயர்நீதிமன்றம் காப்பு அளித்தது. அனில் கபூரின் முகமும் குரலும் செயற்கை நுண்ணறிவால் திரிக்கப்படுவதையும் அவ்வாணை தடுத்தது. 2024-இல் பாடகர் அரிஜித் சிங்கின் குரலைப் போலி செய்யும் கருவிகளுக்கு எதிராகப் பம்பாய் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. இவை நல்ல தீர்ப்புகளே; மறுப்பதற்கில்லை. ஆயினும் ரஜினிகாந்த் வழக்கின் ஆணையில் ஓர் இடம் என்னை நிறுத்திவிட்டது. ஆளுமையுரிமை என்பது புகழ்நிலை எய்தியவர்களுக்கு உரியது என்ற பொருளில் அங்கே கூறப்பட்டிருந்தது.

அப்படியானால் தென்காசிப் பக்கத்து ஸ்டுடியோக்காரரின் மகளுக்கு? அவளுக்கு முகம் இல்லையா? நட்சத்திரத்தின் போலி வெளியானால், அது போலி என்று நாடே அரை நாளில் அறிந்துவிடும். மறுப்பதற்கு அவருக்கு மேடை உண்டு. வழக்காட வழக்கறிஞர் உண்டு. ஊர்ப் பெண்ணின் போலி வெளியானால், அவள் மறுப்பைக் கேட்க அவள் தெருவே முன்வராது. காப்பு யாருக்குக் குறைவாகத் தேவையோ அவருக்கு விரைவாகக் கிடைக்கிறது.

2023 நவம்பரில் நடிகை ரஷ்மிகா மந்தானாவின் முகம் வேறொரு பெண்ணின் உடலில் பொருத்தப்பட்ட படம் நாடெங்கும் பரவியது. இது தாம் பள்ளியிலோ கல்லூரியிலோ படித்த நாளில் நேர்ந்திருந்தால் எப்படித் தாங்கியிருப்போம் என்று நினைக்கவே முடியவில்லை என்ற கருத்தில் அவர் அப்போது எழுதினார். நம்மைப் போன்றோரை எண்ணி எழுதிய சொல் அது. 2024 சனவரியில் டில்லிக் காவல்துறை ஓர் இளைஞரைப் பிடித்தது. நடிகையின் ரசிகர் பக்கத்திற்கு ஆள் சேர்க்கவே அவர் அதைச் செய்தார் என்று காவல்துறை கூறியது. பகைவரல்லர், ரசிகர்! நானும் பகைவனல்லேன், 'அண்ணன்'! இன்னொன்றும் நோக்குங்கள். அந்தப் படத்தில் முகத்தை இழந்தவர் ஒருவர். தம் உடலின்மேல் பிறர் முகம் ஒட்டப்பட்டவர் மற்றொருவர். நாடு முதலாமவருக்காகப் பேசிய அளவு இரண்டாமவருக்காகப் பேசவில்லை.

சாதாரண மக்களுக்குச் சட்டம் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், பிறருடைய தனி அடையாளத்தை வஞ்சகமாகப் பயன்படுத்துவதற்கு 66சி பிரிவும், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு 66டி பிரிவும் உண்டு. இரண்டிற்கும் மூன்றாண்டு வரை சிறையும் ஓரிலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். அந்தரங்கப் படங்களுக்கு 66இ, ஆபாசத்திற்கு 67, 67ஏ பிரிவுகள் உண்டு. அவதூறுக்குப் பாரதிய நியாய சன்ஹிதையின் 356-ஆம் பிரிவு உண்டு. திரித்து ஆக்கிய படத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர் முறையிட்டால் 24 மணி நேரத்திற்குள் நீக்கவேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு விதிகள் சமூகத் தளங்களுக்குக் கட்டளையிட்டன. 2026 பிப்ரவரியில் செய்த திருத்தம் அக்கெடுவை மேலும் சுருக்கியதோடு, செயற்கையாக ஆக்கிய படங்களுக்கு அடையாளம் இடவேண்டும் என்றும் விதித்தது. 2025 சூலையில், தன் அந்தரங்கப் படங்கள் இணையத்தில் பரவியதாக முறையிட்ட பெண் வழக்கறிஞர் ஒருவருக்காக, 48 மணி நேரத்தில் அவற்றை நீக்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் மத்திய அரசுக்கு ஆணையிட்டது. புகழ் இல்லாத ஒருவரின் மானத்திற்காக மன்றம் விரைந்ததைப் படித்தபோது மனம் குளிர்ந்தது.

தோழியரும் தோழர்களும் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டியவை சில. முதலில் படத்தையும் அது இருந்த இடத்தையும் நாளையும் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், அச்சத்தால் அழித்துவிடாதீர்கள். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்களுக்கு எதிரான இத்தகைய குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம். பணமோசடி என்றால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கலாம். அந்தரங்கப் படம் பரவுமென்று அஞ்சுவோர்க்கு 'ஸ்டாப்என்சிஐஐ' என்ற தளம் 2021 முதல் உதவுகிறது. படம் உங்கள் கருவியை விட்டு வெளியே போகாது. அதன் கைரேகை போன்ற ஓர் எண்கோவை மட்டும் போகும். அதை வைத்து உடன்பட்டுள்ள தளங்கள் அந்தப் படத்தைத் தடுக்கும். அறிவியல் கெடுத்ததை அறிவியலே சிறிது திருத்தும் இடம் இது.

இப்பிரிவுகளையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, என் செயல் எதில் விழுகிறது என்று நானே பார்த்தேன். பணம் பெறவில்லை, யாரையும் ஏமாற்றக் கருதவில்லை, ஆபாசம் இல்லை, பெயரைக் கெடுக்கும் எண்ணமும் இல்லை. வலையின் ஒவ்வொரு கண்ணிலும் வழுவி வெளியே வந்துவிடுகிறேன். ஆனால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றுபோகும் நிலை வந்ததே! ஒரு தந்தை மூன்று இரவு உறக்கமின்றி வந்தாரே! அந்தத் தீங்குக்குப் பெயர் இல்லையா என்று தவித்தபோதுதான் 1994-ஆம் ஆண்டுத் தீர்ப்பு மீண்டும் கண்ணில் பட்டது. 'விளம்பரத்திற்காயினும் வேறு நோக்கத்திற்காயினும்' என்ற அந்தக் கருத்தில் நான் அகப்பட்டுக்கொண்டேன். அங்கே புகழும் கேட்கப்படவில்லை, இலாபமும் கேட்கப்படவில்லை. இசைவு இருந்ததா என்பது ஒன்றே கேட்கப்படுகிறது. அந்த விதையை எல்லோருக்கும் நிழல் தரும் தெளிவான சட்டமாக வளர்க்கவேண்டும் என்பதே என் கருத்து. முகத்தைச் சொத்து என்று மட்டும் கொண்டால், விற்க முடிந்தவர்க்கே அதனால் பயன். மானம் என்று கொண்டால், முகம் உடைய எல்லோர்க்கும் பயன்.

இங்கே ஒரு தடை எழலாம். "அப்படியானால் கேலிச்சித்திரம் வரையக்கூடாதா? தலைவர்களை நடித்துக் காட்டக்கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாகச் செய்யலாம். கேலிச்சித்திரம் தன்னைக் கேலிச்சித்திரம் என்று சொல்லிக்கொண்டே வருகிறது. மிமிக்ரிக் கலைஞர் தம் முகத்தோடுதான் மேடையில் நிற்கிறார். ஆழ்போலியோ 'நான்தான் அவர்' என்று பொய்ச்சான்று சொல்கிறது. ஆட்சியில் இருப்போர் தம்மைப் பற்றிய விமரிசனத்தை அடக்க முகவுரிமையை முகமூடியாக அணிந்துகொள்ளவும் கூடாது. உருவத்தைக் காத்த 1994-ஆம் ஆண்டுத் தீர்ப்பே எழுதுவோரின் உரிமையையும் காத்தது என்பதை மறவாதிருப்போம்.

கம்பராமாயணம் பயின்றவர்களுக்கு மாயா சனகப் படலம் நினைவிருக்கும். இராவணன், மருத்தன் என்னும் அரக்கனைச் சனகனாக உருமாற்றிச் சீதையின் முன் நிறுத்துகிறான். தந்தையின் முகம், தந்தையின் குரல். அம்முகம் இராவணனுக்கு இணங்குமாறு மகளிடம் கூறுகிறது. சீதை அழுதாள், ஆனால் இணங்கவில்லை. தந்தையின் உருவத்தைக் கண்ட கண்ணைக் காட்டிலும், தந்தை பேசத் தகாத சொல்லைக் கேட்ட நெஞ்சு அவளுக்கு வழிகாட்டியது. அங்கே தந்தையின் போலி மகளை வருத்தியது. இங்கே மகளின் போலி தந்தையை வருத்தியது. "என் மகள் இப்படிப் பேசமாட்டாள் என்று என் மனம் சொல்லியது, தம்பி. ஆனால் முகம் அவள் முகமாயிற்றே!" என்று அவரும் சொன்னார். இனிவரும் காலத்தில் கண்டதைக் கொண்டு மனிதரை அறிவதினும், மனிதரைக் கொண்டு கண்டதை அறியவேண்டியிருக்கும்.

அவர் இரண்டு நாள் தங்கினார். மகளின் வகுப்பறையையும் விடுதியையும் பார்த்தார். ஊருக்குத் தொலைபேசியில் பேசி, "படிப்பு நிற்காது" என்று தாய்மாமனிடம் உறுதியாகச் சொன்னார். தோழி படிக்கிறாள். ஆனால் நம் மன்றக் கூட்டங்களுக்கு அவள் இன்னும் வரவில்லை. அறிவிப்புகளை அவள் குரலில் நாம் இப்போது கேட்பதில்லை. காரணம் பலருக்குத் தெரியாமலிருந்தது. இப்போது தெரிந்துகொள்வீர்கள். இந்தக் கட்டுரையை முதலில் அவளிடமே படிக்கக் கொடுத்தேன். இரண்டு வரிகளை அடித்தாள். மற்றவற்றை வெளியிட ஒப்பினாள்.

செயற்குழுவிற்கு என் வேண்டுகோள் மூன்று. யாருடைய முகத்தையும் குரலையும் அவரைக் கேளாமல் மேடையேற்றுவதில்லை என்று தீர்மானம் செய்வோம். செயற்கையாக ஆக்கிய படத்தில், வெட்டினாலும் பிரியாதவாறு ஒவ்வொரு காட்சியிலும் அதைக் குறிப்போம். ஒருவர் நீக்கச் சொன்னால், காரணம் கேளாமல் நீக்குவோம். உங்கள் கைப்பேசியில் அந்தப் பதினெட்டு வினாடி இன்னும் இருந்தால், இந்தப் பக்கத்தை மூடுமுன் அதை அழித்துவிடுங்கள்.

அவர் ஊருக்குப் புறப்பட்ட இரவு நிலையத்திற்குப் போயிருந்தேன். என் கம்பளிச் சட்டையை வற்புறுத்திக் கொடுத்தேன். மறுத்துப் பின் அணிந்துகொண்டார். வண்டி கிளம்பச் சிறிது நேரம் இருந்தது. சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். பழைய தொழிற்பழக்கம் போலும், விளக்கு எங்கே இருக்கிறது என்று மேலே ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"தம்பி, வீட்டில் அம்மாவிடம் காட்டவேண்டும். உங்களையும் இவளையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?"

முதலில் என்னைக் கேட்டார். நான் தலையசைத்த பிறகு, தம் மகளிடம் திரும்பி, அவளையும் கேட்டார்.